மூடிவிட்டால் தெரியாத அறை

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானத்தின் வேகமானி ஏறக்குறைய 8 செ.மீ. விட்டம் கொண்டது. அதே விமானத்தை 1/48 அளவில் மாடலாகச் செய்தால் அந்த வேகமானியின் முகப்பு 1.7 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். 1/72 என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த இடத்துக்குள் ஒரு முள், ஒரு வளையம், எண்களின் சாயல், அவற்றுக்கு மேல் ஒரு கண்ணாடி. இப்படிப் பலகை நிறைய டயல்கள். பலகைக்கு எதிரே இருக்கை, இருக்கையில் வார்ப்பட்டைகள், இரு பக்கச் சுவர்களிலும் நெம்புகோல்கள், குழாய்கள், ஒயர்கள். இவ்வளவையும் செய்து, வர்ணம் பூசி, உள்ளே பொருத்திய பிறகு விமான உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டிவிடுவார்கள். மேலே கண்ணாடிக் கூண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். செய்ததில் பெரும்பகுதி அதன்பின் யார் கண்ணிலும் படாது.

கடையில் வாங்கும் கிட்டில் இல்லாத பாகத்தை வெறும் பிளாஸ்டிக் தகட்டிலும் கம்பியிலும் தானே செய்துகொள்வதை மாடல் செய்கிறவர்கள் ஸ்க்ராட்ச் பில்டிங் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது நேரம் போக்கும் வேலையாகத் தெரியலாம். ஆனால் விமானி உட்காரும் அறையான காக்பிட்டை இப்படிச் செய்கிறவர் வரலாற்று ஆய்வாளர் செய்யும் வேலையைத்தான் செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். விமான வரலாறு பெரும்பாலும் வெளிப்புறத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. இறக்கையின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், வேகம், வீழ்த்திய எதிரிகளின் எண்ணிக்கை என்றே பக்கங்கள் நிரம்புகின்றன. அந்த இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருந்த மனிதனின் முழங்கால் எங்கே இடித்தது, அவன் இடக்கை எதைப் பிடித்திருந்தது, எந்த டயலைப் பார்க்கத் தலையைக் குனிந்தான் என்று கேட்க வேண்டிய கட்டாயம் காக்பிட்டைச் செய்கிறவருக்கே வருகிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அவரால் மேலே போக முடியாது.

சிறிய உருவங்களில் ஒரு காலத்தின் வேலையைப் பதிந்துவைக்கும் பழக்கம் மிகப் பழையது. எகிப்தில் மெகெத்ரே என்ற அரசு அதிகாரியின் கல்லறையை 1920-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் குழுவினர் தோண்டியபோது, ஏறக்குறைய 4000 ஆண்டுகளுக்கு முந்தைய மர மாதிரிகள் கலையாமல் கிடைத்தன. நெசவுக்கூடம், தச்சுப்பட்டறை, ரொட்டி சுடும் இடம், மாட்டுக்கொட்டில், படகுகள் என எல்லாம் அவற்றில் இருந்தன. அரசர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் சொல்லிவிடும். ஒரு பட்டறைக்குள் யார் எங்கே உட்கார்ந்து என்ன செய்தார் என்பதைச் சொல்ல அந்த மர மாதிரிகள் வேண்டியிருந்தன. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடற்படைக் கப்பல்களுக்குச் செய்யப்பட்ட மாதிரிகளும் அத்தகையவை. அவற்றில் பலவற்றின் அடிப்பகுதிக்குப் பலகை போடாமல், உள்ளிருக்கும் மர விலாக்கள் தெரியும்படி விட்டுவைத்தார்கள். கப்பல்கள் எப்போதோ உளுத்துப்போயின. மாதிரிகள் இன்றும் இருக்கின்றன.

விமான மாடல்களின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் 1/72 அளவு மர மாடல்கள் விற்பனைக்கு வந்தன. 6 அடிக்கு 1 அங்குலம் என்ற எளிய கணக்கு. 1936-இல் ஃபிராக் நிறுவனம் பெங்குவின் என்ற வரிசையில் அதே அளவில் செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக் கிட்டுகளைக் கொண்டுவந்தது. பிறகு போர் வந்தது. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று நொடியில் கண்டுகொள்ள வேண்டிய நிலைமை. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மாடல்கள் செய்து தரும்படி கேட்டது. 50 வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், எல்லாம் 1/72 அளவு. மரத்தில் செதுக்கிக் கறுப்பு வர்ணம் பூசினார்கள். 35 அடி தூரத்தில் பிடித்துக்காட்டினால் அந்த மாடல், உண்மையான விமானம் அரை மைல் தூரத்தில் தெரிவதுபோல் தெரியும். பீரங்கிக்காரர்களும் விமானிகளும் அதைப் பார்த்து மனப்பாடம் செய்தார்கள்.

அந்த மாடல்களுக்கு உள்ளே எதுவும் கிடையாது. தேவையும் இல்லை. கறுப்பு நிழலுருவம் ஒன்றே போதும். தரையில் நின்று துப்பாக்கியை நீட்டுகிறவனின் பார்வை அது. போருக்குப் பின் சிறுவர்களுக்காக வந்த பிளாஸ்டிக் கிட்டுகள் அதே அளவையும் அதே பார்வையையும் எடுத்துக்கொண்டதாகவே நான் காண்கிறேன். 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மலிவு விலையில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்த விமானங்களைத் திறந்து பார்த்தால், உட்கார்ந்த நிலையில் ஒரு விமானி பொம்மை இருக்கும். அதற்குக் கீழே பெரும்பாலும் வெற்றிடம். கருவிப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் சும்மா ஒரு சுவர், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது. இரண்டு தலைமுறைச் சிறுவர்கள் போர் விமானத்தை வெளித்தோற்றமாகவே கற்றுக்கொண்டார்கள்.

கண்ணாடிக்குள்ளே எட்டிப்பார்க்கும் ஆசை வந்தது அந்தச் சிறுவர்கள் பெரியவர்களான பிறகுதான். 1963-இல் பிரிட்டனில் பிளாஸ்டிக் மாடல் செய்கிறவர்களுக்கென்று ஐ.பி.எம்.எஸ். என்ற சங்கம் உருவானது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதன் கிளை. போரில் பறந்தவர்கள் அப்போது நாற்பதுகளில், ஐம்பதுகளில் இருந்தார்கள். கேட்டால் சொல்வார்கள். எஞ்சிய விமானங்கள் அருங்காட்சியகங்களுக்கு வந்துகொண்டிருந்தன. 1970-இல் ஏர்ஃபிக்ஸே 1/24 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை வெளியிட்டபோது அதற்குள் ஒழுங்கான காக்பிட் இருந்தது. அதே பத்தாண்டின் நடுவில் ஹாரி உட்மன் எழுதிய ‘ஸ்கேல் மாடல் ஏர்கிராஃப்ட் இன் பிளாஸ்டிக் கார்டு’ என்ற புத்தகம், வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து முழு விமானத்தையே எழுப்பலாம் என்பதை ஊருக்குச் சொன்னது. உட்மனுக்குப் பிடித்தவை முதல் உலகப்போர் விமானங்கள். துணி போர்த்திய அந்த விமானங்களின் காக்பிட்டுக்குள் மரச்சட்டமும் இழுகம்பியும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே எதையும் மறைக்க வழியில்லை.

வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஓர் அலுமினிய இருக்கை. உண்மையான தகட்டின் தடிமன் 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1/48-இல் அது 0.02 மி.மீ. கிட்டுப் பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக அச்சில் வார்க்க முடியாது. கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு 0.25 மி.மீ. என்றாலும், பெருக்கிப் பார்த்தால் அது 12 மி.மீ. தடித்த இரும்புப் பாளம். அதனால்தான் கிட்டு இருக்கைகள் குண்டான சோபாக்களைப்போல் தெரிகின்றன. பழக்கமுள்ளவர் இருக்கையின் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சீவிச் சீவிக் கத்திமுனை ஆக்குகிறார். கண் பார்ப்பது விளிம்பைத்தான். உள்ளே தடிமன் இருந்தாலும் குற்றமில்லை. வேறு சிலர் ஈயத் தகட்டிலோ அலுமினியத் தாளிலோ இருக்கையையே மடித்துவிடுகிறார்கள். இரண்டு அங்குலம் அகலமுள்ள வார்ப்பட்டை 1/48-இல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதைத் தாளில் வெட்டலாம்; ஆனால் தாள் விறைப்பாக நிற்கும். ஈயத் தகட்டில் வெட்டினால் இருக்கையின் மேல் துவண்டு விழும், கனமான துணி விழுவதுபோலவே. கொக்கிக்குத் தாமிரக் கம்பி. ஒயர்களுக்குப் பழைய மின்கேபிளைப் பிரித்தெடுத்த இழை. குழாய்களுக்கும் நெம்புகோல்களுக்கும், கிட்டுப் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடரின் மேல் காட்டி, இளகியதும் இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் தலைமுடி அளவுக்கு நூலாகிவிடும். இந்த உத்தி மாடல் செய்கிறவர்களிடையே பல பத்தாண்டுகளாகக் கைமாறி வருவது. இன்றுவரை இதைவிட மலிவான, இதைவிட நல்ல வழி வரவில்லை.

டயல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலகையை இரண்டு அடுக்காகச் செய்வது நல்ல முறை. முன் அடுக்கில் துளைகள். பின் அடுக்கில் டயல் முகப்புகளை அச்சிட்ட ஒளிபுகும் படலம். படலத்தின் முதுகில் வெள்ளை வர்ணம். வெளியே கறுப்பில் வெள்ளை எழுத்தாகத் தெரியும். பிறகு ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ். காய்ந்ததும் அதுவே கண்ணாடி. படலம் கிடைக்காத காலத்தில் கறுப்பு வர்ணத்துக்கு அடியில் வெள்ளை பூசி, ஊசியால் மேல்பூச்சைக் கீறி எண்களை வரவழைத்தார்கள். அப்படிச் செய்த ஒரு பலகையை உருப்பெருக்கியில் பார்த்தால் எந்த எண்ணும் படிக்கும்படி இருக்காது. கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் விமானம் பறக்கத் தயாராக இருக்கிறது.

இந்தப் பலகையில் எந்த டயல் எங்கே என்று தேடப்போனால்தான் வரலாறு திறந்துகொள்கிறது. 1903 டிசம்பர் 17 அன்று பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தில் காக்பிட்டே கிடையாது. விமானி கீழ் இறக்கையின் மேல் குப்புறப் படுத்திருந்தார். காற்றின் வேகத்தை அளக்க ஒன்று, எஞ்சின் சுற்றுகளை எண்ண ஒன்று, ஒரு ஸ்டாப்வாட்ச் - கருவிகள் அவ்வளவே. அவை விமானிக்கு வழிகாட்ட வைக்கப்பட்டவை என்பதைவிட, நடந்ததைக் குறித்துவைக்க வைக்கப்பட்டவை என்று சொல்வதே பொருத்தம். வழிகாட்டியது அடிவானம். மேகத்துக்குள் நுழைந்தால் அடிவானம் மறைந்துவிடும். உடம்பு சொல்வதை நம்பிய விமானிகள் நேராகப் பறக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே சுழன்று தரையில் மோதினார்கள். 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடப்பட்ட காக்பிட்டுக்குள் உட்கார்ந்து புறப்பட்டு, வட்டமடித்து, இறங்கிக் காட்டினார். ஸ்பெரி செய்த செயற்கை அடிவானம், திசை காட்டும் சுழலி, கோல்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானி ஆகியவையே அவருக்குக் கண்கள். கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தை விமானத்துக்குள்ளேயே ஒரு டயலாகக் கொண்டுவந்து வைத்த நாள் அது.

1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் விமானப்படை ஆறு கருவிகளை ஒரே தட்டில் சேர்த்து எல்லா விமானங்களிலும் ஒரே வரிசையில் வைக்கத் தீர்மானித்தது. மேல் வரிசையில் வேகமானி, செயற்கை அடிவானம், ஏறும் இறங்கும் வீதம். கீழ் வரிசையில் உயரமானி, திசைச் சுழலி, திருப்பமும் சறுக்கலும் காட்டும் கருவி. ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற விமானியின் கண் தேடாமலே அந்தந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். சின்னப் பையனாக இருந்தபோது எந்தக் கிட்டிலும் இது எனக்குத் தெரிந்ததில்லை. ஆறு துளைகளைத் தானே அளந்து போடுகிறவர்தான், ஏன் எல்லாவற்றிலும் இதே ஆறு என்று கேட்பார்.

இப்படிக் கிடைக்கும் பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பிட்ஃபயரின் சக்கர நெம்புகோல். எஞ்சினின் விசையைக் கூட்டும் நெம்புகோல் இடப்பக்கம். சக்கரத்தை மடக்கும் பொறி வலப்பக்கம். தரையிலிருந்து எழும்பியதும் விமானி வலக்கையில் பிடித்திருந்த கட்டுப்பாட்டுக் கோலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் சக்கரத்தை மடக்க வேண்டும். தொடக்ககால ஸ்பிட்ஃபயர்களில் அது கையால் அடிக்கும் பம்ப். வலக்கை பம்ப் அடிக்க, கோலைப் பிடித்த இடக்கையும் சேர்ந்து ஆட, புதிய விமானிகள் ஓட்டிய ஸ்பிட்ஃபயர்கள் தலையை ஆட்டிக்கொண்டே மேலேறின. ஓடுதளத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்தே புதியவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். 5 மி.மீ. நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டை வலச்சுவரில் ஒட்டும்போது இந்தக் காட்சி முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது.

மாடல் கலையைப் புகழ்கிறவர்கள் பொதுவாகத் தொடாத ஒரு பக்கம் இதே டயல்களில் உண்டு. இரவில் ஒளிர்வதற்காக அவற்றின் எண்களில் ரேடியம் கலந்த வர்ணம் பூசப்பட்டது. முதல் உலகப்போரின்போது அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் ஆரஞ்சு நகரில் இருந்த தொழிற்சாலையில் இளம்பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். எண் மெல்லியதாக வர, தூரிகை முனை கூராக இருக்க வேண்டும். உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தாடை எலும்பு அரித்து, பல் உதிர்ந்து, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃப்ரையரும் இன்னும் நான்கு பேரும் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் அந்த வழக்குக்குப் பெரிய இடம் உண்டு. அந்த வர்ணத்தில் ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளில் செயலற்றுவிடும். ரேடியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டு வேண்டும். இன்று அருங்காட்சியகங்களில் பழுப்பேறிக் கிடக்கும் பழைய டயல்கள் ஒளிர்வதில்லை, ஆனால் கதிர்வீச்சு நிற்கவில்லை. மாடல் செய்கிறவர்கள் பலருக்குத் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உண்டு. ஒரு போர் விமான டயலுக்கு மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளி வைக்கிறவர் இந்தப் பெண்களைத் தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். விமானத்தின் வரலாறு விமானிகளோடு முடிந்துவிடுவதில்லை.

தமிழ் வாசகருக்கு நேரடி உறவுள்ள விமானம் ஒன்றும் இந்தக் கதையில் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் ‘264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்’. போர்நிதி தந்த நாடுகள், மாகாணங்களின் பெயரைப் படைப்பிரிவுகளுக்குச் சூட்டிய காலம். சென்னை மாகாணத்தின் பெயர் இப்படி வானத்துக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் அந்த ஸ்குவாட்ரன் முதலில் பறந்த விமானம் போல்டன் பால் டிஃபையன்ட். இரட்டை இருக்கை, முன்னால் விமானி, அவருக்குப் பின்னால் சுழலும் கோபுரத்தில் நான்கு பிரவுனிங் துப்பாக்கிகளோடு ஒரு துப்பாக்கிக்காரர். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூட விமானியிடம் இல்லை. 1940 மே 29 அன்று டன்கர்க் மேலே ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக இந்த ஸ்குவாட்ரன் கணக்குச் சொன்னது. உண்மை எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று பின்னாளில் தெரியவந்தது. பின்பக்கமாக நெருங்கிய ஜெர்மானியர்கள் விரைவிலேயே முன்பக்கமாகவும் கீழிருந்தும் வரக் கற்றுக்கொண்டார்கள். ஆகஸ்ட் 24 அன்று ஸ்குவாட்ரன் தலைவர் பிலிப் ஹன்டர் திரும்பிவரவில்லை. பகல் போரிலிருந்து டிஃபையன்டை விலக்கி இரவுப் போருக்கு அனுப்பினார்கள்.

போர் வரலாற்றுப் புத்தகங்கள் டிஃபையன்டைத் தவறான கொள்கையின் விளைவு என்று இரண்டு வரியில் முடித்துவிடும். கோபுரத்தின் உட்புறத்தைச் செய்கிறவருக்கு அது அவ்வளவு எளிதாக முடியாது. கோபுரம் சுழல வழிவிட, அதன் முன்னும் பின்னும் உள்ள உடற்பகுதி காற்றழுத்தத்தால் கீழே இறங்கும். அந்த அமைப்பை உருவாக்க வேண்டும். துப்பாக்கிகள் மின்சாரத்தால் சுடப்பட்டன. சொந்த விமானத்தின் சுழல்விசிறியையும் வாலையும் சுட்டுவிடாதபடி கோபுர வளையத்தில் மின்னிணைப்பைத் துண்டிக்கும் இடங்கள் இருந்தன. இருக்கையை வைத்த பிறகு பாராசூட்டுக்கு இடமே மிஞ்சவில்லை என்பது அளந்து பார்க்கும்போது புரியும். உண்மையிலேயே மிஞ்சவில்லை. அதனால் துப்பாக்கிக்காரர்களுக்கு உடையும் பாராசூட்டும் ஒன்றாகச் சேர்ந்த தனி அங்கி தைத்துக் கொடுத்தார்கள். அதற்குக் காண்டாமிருக உடை என்று பட்டப்பெயர் இருந்தது. மின்சாரம் போய்விட்டால் கோபுரத்தைக் கையால் சுழற்றித்தான் கதவுக்கு வழி உண்டாக்க முடியும். தீப்பிடித்து விழும் விமானத்தில் அதற்கு எத்தனை நொடி கிடைக்கும்? 1/48 அளவில் அந்தக் கோபுரம் விரல் நுனியில் நிற்கும். அதற்குள் ஒரு மனிதனை உட்காரவைக்க முயன்றவர் டிஃபையன்ட் தோற்ற காரணத்தைக் கொள்கை விவாதமாகப் பேசமாட்டார். மெட்ராஸின் பெயரைத் தாங்கிப் போனவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

1064 டிஃபையன்ட்கள் கட்டப்பட்டன. முழுமையாக எஞ்சியிருப்பது என்1671 என்ற எண் கொண்ட ஒன்றே. பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷார்ட் ஸ்டிர்லிங் குண்டுவீச்சு விமானத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இரண்டாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டும் முழுதாக ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட விமானத்தின் உட்புறத்தைச் செய்ய காகிதமே கதி. விமானிகளுக்கு அரசு அச்சிட்டுக் கொடுத்த கையேடுகள் உண்டு. அவற்றில் காக்பிட்டின் புகைப்படத்தின் மேல் ஒவ்வொரு நெம்புகோலுக்கும் எண் போட்டிருப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டுசேர்த்த ஏ.டி.ஏ. அமைப்பின் ஆண் பெண் விமானிகள், முன்பின் ஓட்டாத வகைகளையும் ஒரு சிறிய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தே ஓட்டிப் போனார்கள். அதுவும் ஒரு சான்று. கையேட்டில் இருப்பது ஒன்று, புகைப்படத்தில் இருப்பது ஒன்று, அருங்காட்சியக விமானத்தில் பின்னாளில் மாற்றிப் பொருத்தியது ஒன்று என்று மூன்றும் முரண்படுவது வழக்கம். எது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதில்தான் நல்ல மாடல்காரர் யார் என்பது தெரியும். ஊகத்தை ஊகம் என்று குறித்துவைக்காதவரின் மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தீங்குதான். அதைப் பார்த்து அடுத்தவர் செய்வார், அதைப் பார்த்து இன்னொருவர், தவறு ஊர்ஜிதமாகிவிடும். கல்வெட்டைப் படிக்கிறவருக்குள்ள பொறுப்பு இவருக்கும் உண்டு.

இந்தக் கைவேலை எவ்வளவு தூரம் போக முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் டேவிட் கிளென் 1/5 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயரைப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் செய்தார். அச்சுத்தொழிலில் பயன்படும் மெல்லிய அலுமினியத் தகடுதான் அதன் தோல். ஹவாயில் பல் மருத்துவராக இருந்த யங் பார்க், 1/16 அளவில் மஸ்டாங், கோர்சேர் ஆகிய போர் விமானங்களை அலுமினியத்தில் உள்ளுறுப்புகளோடு கட்டினார். வெளித்தகட்டைப் பல இடங்களில் போர்த்தாமல் விட்டார், 17ஆம் நூற்றாண்டுக் கப்பல் மாதிரிகளைச் செய்தவர்கள் விட்டதைப்போலவே. காக்பிட்டில் உள்ள கோலை அசைத்தால் இறக்கையின் பாகங்கள் அசையும். பல் மருத்துவரின் கையும் பொறுமையும் அந்த வேலையில் தெரிகின்றன.

இதற்கிடையே சந்தையும் மாறிவிட்டது. 1989-இல் அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் தொடங்கிய எடுவார்ட் நிறுவனம், அமிலத்தால் அரித்தெடுத்த உலோகத் தகட்டில் காக்பிட் பாகங்களைச் செய்து உலகெங்கும் விற்றது. வண்ணம் அச்சிட்ட கருவிப் பலகைகள் அடுத்து வந்தன. 2009-இல் தமியா நிறுவனம் வெளியிட்ட 1/32 ஸ்பிட்ஃபயரின் காக்பிட், கிட்டிலிருந்து எடுத்தபடியே முன்னாள் கைவேலைக்காரர்கள் பலரின் வேலையை விஞ்சியது. இப்போது முப்பரிமாண அச்சில் டயல்கள் புடைப்பாகவே வருகின்றன. வெட்டி ஒட்டினால் போதும். கண்ணாடித் துளிகூட அதிலேயே இருக்கிறது. வீட்டு மேசையிலேயே ரெசின் அச்சுப்பொறி வைத்திருக்கிறவர்களும் ஏராளம்.

இதைக் குறைகூற நான் முன்வரமாட்டேன். கணினியில் ஒரு நெம்புகோலை வரைகிறவரும் அதன் அளவைத் தேடிப்பிடிக்க வேண்டும். கத்தி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை. கைநடுக்கம் உள்ளவருக்கும் கண் மங்கியவருக்கும் இந்தப் பாகங்கள் பெரிய உதவி. ஆனால் விலைகொடுத்து வாங்கிய காக்பிட்டை ஒட்டுகிறவர், வேறொருவர் கேட்ட கேள்விகளின் விடையைப் பெறுகிறார். அந்த இன்னொருவர் தவறியிருந்தால் இவரும் தவறுகிறார், தெரியாமலே. பத்து விமானங்களுக்கு வாங்கிய பாகங்களைப் பொருத்துங்கள். ஒரு விமானத்துக்காவது, ஒரு பக்கச் சுவருக்காவது நீங்களே அளந்து, தேடி, வெட்டிச் செய்யுங்கள் என்றே இந்தக் கலையில் புதிதாக நுழையும் இளைஞர்களிடம் சொல்வேன். அதற்கு வேண்டியவை ஒரு பிளாஸ்டிக் தகடு, ஒரு கத்தி, கொஞ்சம் கம்பி, ஒரு மெழுகுவத்தி. மற்றதெல்லாம் படிப்பு.

மூடிவிட்டால் தெரியாத ஒன்றுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்கிறவர்களுக்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஆய்வாளர் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் புரட்டும் காகிதங்களில் பெரும்பகுதி அவர் எழுதும் நூலில் மேற்கோளாகக்கூட வருவதில்லை. வந்த வரிகள் சரியாக இருக்க வராத காகிதங்களே காரணம். காக்பிட்டின் தரையில் யாரும் பார்க்காத குழாயைச் சரியான இடத்தில் வைத்தவரின் கருவிப் பலகையை நான் நம்புவேன்.

கடைசியாக, நம் பக்கத்து வேண்டுகோள் ஒன்று. பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் உருவான விமானங்களுக்கும் உட்புறம் தெரியாமல் போகும் கதி நேர்ந்துவிடக் கூடாது. 1951-இல் முதலில் பறந்த எச்.டி-2 பயிற்சி விமானம், 1961-இல் பறந்த மாருத், 1964-இல் பறந்த கிரண் ஆகியவற்றின் வெளித்தோற்றப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. உள்ளே என்ன இருந்தது என்று சொல்லும் கையேடுகளும் புகைப்படங்களும் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. விமானிகளாக, பராமரிப்புப் பணியாளர்களாக, தாம்பரத்தில் பயிற்றுநர்களாக வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பரணில் கிடக்கும் பழைய பயிற்சிக் குறிப்பேடு, காக்பிட்டில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட மங்கிய படம், கழற்றிப்போட்ட ஒரு டயல் உங்களிடம் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரகசியக் கட்டுப்பாடு நீங்கியவற்றை பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கோ டெல்லி பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கோ எழுதிக் கேட்டு ஒப்படையுங்கள். டயலில் ரேடியம் இருக்கலாம் என்ற ஐயம் வந்தால் அதைத் திறக்காமல், சுரண்டாமல் அப்படியே வைத்து முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். எந்த நெம்புகோல் எந்தப் பக்கம் இருந்தது, அதை இழுக்க எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பதை உங்கள் கைப்பட ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, அதோடு சேர்த்து வையுங்கள்.